நாற்காலி போட மட்டுமா?

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னையில் கல்லூரிப் பிள்ளைகளும் ஐ.டி. ஊழியர்களும் தாமாகவே திரண்டார்கள். சோற்றுப் பொட்டலம் கட்டினார்கள். இடுப்பளவு தண்ணீரில் பால் பாக்கெட் சுமந்தார்கள். எந்தத் தெருவில் யாருக்கு என்ன வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் தெளிவாக வந்தது, கிளம்பிவிட்டார்கள். அப்படிப்பட்ட பிள்ளைகளை நம் அறக்கட்டளைகள் பலவும் ஆண்டு விழாவுக்கு நாற்காலி போடத்தான் கூப்பிடுகின்றன. (பொன்னாடை பெரியவர்களுக்கு!) நன்கொடை விஷயத்திலும் இதே கதைதான்: நூறு ரூபாய் தர நினைக்கும் பிள்ளையிடம் காசோலை கேட்டால் எப்படித் தரும்? வாசலில் க்யூஆர் அட்டை ஒன்றை ஒட்டுங்கள். அந்தப் பணத்தில் எத்தனை நோட்டுப் புத்தகம் வாங்கினீர்கள் என்று மாதம் ஒரு வரி அனுப்புங்கள். முக்கியமாக, நிர்வாகக் குழுவில் இருபத்தைந்து வயதுக்காரர் ஒருவருக்கு இடம் கொடுங்கள், வாக்குரிமையோடு.