வாரிசு இல்லாத முன்னோர்

சந்ததி இல்லாமல் இறந்தவருக்கு எள்ளும் தண்ணீரும் விடுவது யார் என்பது பித்ரு வழிபாட்டில் நெடுங்காலமாக உள்ள கேள்வி. தர்ப்பணத்தில் தந்தை, பாட்டன், பூட்டன் என்று மூன்று தலைமுறையும் தாய்வழி முன்னோரும் பெயர், கோத்திரத்தோடு அழைக்கப்படுகின்றனர். மணமாகாத சின்னத் தாத்தாவும் அத்தைப் பாட்டியும் இந்த வரிசையில் இல்லை. தைத்திரீய சம்ஹிதை கூறும் மூன்று பிறவிக் கடன்களில் பித்ரு கடன் பிள்ளைப்பேற்றால் தீர்வது. அந்தக் கணக்குப்படி இவர்கள் கடன் தீர்க்காமலே போனவர்கள்.

மரபு இவர்களை அப்படியே விட்டுவிடவில்லை. தந்தை சந்தனுவுக்காகப் பிரம்மச்சரிய விரதம் பூண்ட பீஷ்மருக்கு, ரத சப்தமிக்கு மறுநாள் உறவில்லாதவர்களும் நீர் விடுகின்றனர். மகாளய பட்சத்தில் சிற்றப்பா, அத்தை, குரு, நண்பர் ஆகியோர் காருண்ய பித்ருக்களாக நினைக்கப்படுகின்றனர். கடன் என்ற சொல் இங்கே பொருந்தாது. கைம்மாறாக எதுவும் வராத இடத்தில் செய்யப்படுவதால், பித்ரு காரியங்களில் இதுவே மனம் நிறைந்து செய்யத் தக்கது.

தென் மாவட்டங்களில் மணமாகாமல் இறந்த பெண் கன்னித் தெய்வமாகிறாள். ஓலைப்பெட்டியில் சிற்றாடையும் வளையலும் வைத்து வீட்டார் கும்பிடுகிறார்கள். சில தலைமுறை கடந்தால் பெரும்பாலும் பெயர் மறைந்து ‘கன்னி’ மட்டும் எஞ்சுகிறது. அந்தப் பெயரைத் தேடப் பழைய பத்திரங்களைத்தான் புரட்ட வேண்டும்.

இதில் ஒரு அனுகூலம் உண்டு. மணமான பெண் புகுந்த வீட்டுக் கோத்திரத்துக்கும் அவ்வீட்டு ஆவணங்களுக்கும் போய்விடுகிறாள். மணமாகாதவள் கடைசிவரை ‘இன்னார் மகள்’ என்றே பிறந்த வீட்டுப் பத்திரங்களில் இருக்கிறாள். சகோதரர்களின் பாகப்பிரிவினைப் பத்திரம் இதற்கு மிகவும் உதவும். மணமாகாத சகோதரி ஆயுள்வரை இந்த அறையில் குடியிருக்கலாம், ஆண்டுக்கு இத்தனை மூட்டை நெல் அவள் ஜீவனாம்சம் என்று தனிப் பத்தியே எழுதப்பட்டிருக்கும். அடியில் இருப்பது கையெழுத்தா கைநாட்டா என்பதிலிருந்து எழுதத் தெரிந்தவளா என்பதும் ஓரளவு தெரியும். மணமாகாத ஆணென்றால், அண்ணன் மகனுக்கு எழுதிவைத்த செட்டில்மெண்ட் பத்திரத்தில் ‘என்னைப் பராமரித்து வருவதால்’ என்ற காரணமும் இருக்கக்கூடும். முதுமையில் அவர் யாரோடு இருந்தார் என்பதற்கு அதுவே சாட்சி. வில்லங்கம் போட்டுப் பார்த்தால் இப்பத்திரங்களின் எண்ணும் ஆண்டும் கிடைக்கும்.

சிராத்தத்துக்கு வேண்டியது இறந்த திதி. ஜாதகம் பிறந்த நேரத்தை மட்டுமே தரும். 1980இல் பரம்பரைக் கிராம அதிகாரிகளின் பதவிகள் ஒழிக்கப்படும்வரை கிராம முன்சீப்பே இறப்பைப் பதிவுசெய்து வந்தார். அந்தப் பதிவேட்டின் தேதியைப் பழைய பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டால் மாதமும் பட்சமும் திதியும் வந்துவிடும். பதிவு அகப்படாதபோது மகாளய அமாவாசையில் நீர் விடுவது வழக்கம். கோத்திரம் தெரியாதவருக்குக் காசியப கோத்திரம் சொல்லப்படுகிறது.