விண்கல்லும் பிறப்பின் பெருமையும்

உயிர் எங்கிருந்து வந்தது? கேட்ட மாத்திரத்தில் விடை தருவோர் நம் நாட்டில் பலர். படைத்தவன் முகத்தில் ஒரு கூட்டம், பாதத்தில் ஒரு கூட்டம் என்று பிறப்புக்கே படிக்கட்டு கட்டியவர்கள் அவர்கள். அந்த விடையை நம்பியதால் நாம் பெற்றதோ தலைமுறை தலைமுறையான அடிமைத்தனம்!

மயிலாடும்பாறையில், மூல வைகைக் கரையில் நின்று வருசநாட்டு மலைகளை நோக்குகிறோம். எத்துணைப் பழமை! ஆயினும் நிலத்தின் ஆழத்தில் வெந்து உருமாறிய பாறைகள் இவை. உயிரின் தொடக்கக் கதையை இவற்றில் படிக்க இயலாது. எரியாத ஏடு வேண்டுமெனில் விண்ணிலிருந்து விழும் கற்களைத்தான் புரட்ட வேண்டும்.

அத்தகைய கல்லொன்று 1969 செப்டம்பர் 28 அன்று ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் என்னும் ஊரில் விழுந்தது. அதனை அமெரிக்காவில் ஆராய்ந்த குழுவை நடத்தியவர் சிரில் பொன்னம்பெருமா. இலங்கையின் காலி நகரில் பிறந்தவர், 1948-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவத்தில் பட்டம் பெற்றவர். தத்துவம் பயின்றவர் சோதனைக் குழாயைக் கையிலெடுத்தார் என்பதை நம் தத்துவப் பேராசிரியர்கள் கவனிப்பார்களாக!

கல்லில் அமினோ அமிலங்கள் இருந்தன. புரதத்தைக் கட்டும் செங்கற்கள் அவை. கண்டவுடன் அக்குழுவினர் முரசு கொட்டவில்லை. கல்லைத் தொட்ட மனிதர் கை வியர்வையிலும் அவை உண்டே! கைபட்ட அழுக்காக இருக்குமோ என்று தம் கண்டுபிடிப்பையே ஐயுற்றனர். இவ்வமிலங்கள் பெரும்பாலும் இடக்கை, வலக்கை போல் இருவடிவின. (வலங்கைச் சாதி, இடங்கைச் சாதி என்று பூசலிட்ட நாட்டினர்க்கு இது எளிதில் விளங்கும்.) மண்ணுலக உயிர்களின் புரதத்தில் இருப்பது இடவடிவமே. கல்லிலோ இரண்டும் ஏறத்தாழச் சமமாக இருந்தன. புரதத்தில் காணப்படாத அமிலங்களும் இருந்தன. எனவே, உயிரின் துணையின்றி விண்ணில் விளைந்தவை என்று 1970-இல் அறிவித்தனர்.

2023-இல் பென்னு என்னும் சிறுகோளிலிருந்து ஒரு விண்கலம் 121.6 கிராம் கல்லும் மண்ணும் கொணர்ந்தது. புரதத்துக்கு உயிர்கள் பயன்படுத்தும் 20 அமிலங்களுள் 14 அதில் இருப்பதை 2025-இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

இதைக் கொண்டு, உயிர் பிறந்த விதமே தெரிந்துவிட்டது என்று நம்மவர் எவரேனும் மேடையில் முழங்கினால், அதை நாம் ஏற்கோம். செங்கல் வீடாகிவிடாது, அமிலம் உயிராகிவிடாது. செங்கல் எவ்வாறு வீடாயிற்று என்பதை இன்னும் எவரும் செய்து காட்டவில்லை. சான்றுக்கு மேல் ஒரு சொல் கூட்டினாலும் நாமும் புராணிகரே.

ஆனால் ஒன்றைக் கேட்கும் உரிமை நமக்குண்டு. ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவன் உடலையும், கருவறைக்குள் நிற்பவன் உடலையும் கட்டியவை இதே அமிலங்கள்தாமே? முகத்தில் பிறந்தவனுக்கென்று தனி அமிலம் எந்த விண்கல்லில் இருக்கிறது? எடுத்து வரட்டும், சோதனைக் குழாயுடன் காத்திருக்கிறோம்.