தலைமாட்டில் ஒருவர்

பௌத்தத் துறவிகளின் விதிநூலான விநயபிடகத்தில், மகாவக்கம் என்ற பகுதியில் ஒரு பிக்கு வருகிறார். பெயர் சொல்லப்படவில்லை. வயிற்றுப்போக்கு கண்டு, எழுந்திருக்கத் தெம்பில்லாமல் தன் மலத்திலும் மூத்திரத்திலுமே கிடக்கிறார். பிக்குகளின் தங்குமிடங்களைப் பார்த்துக்கொண்டே வந்த புத்தர், அவருக்கு என்ன உடம்புக்கு என்று கேட்கிறார். வயிற்று நோய் என்கிறார் பிக்கு. பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதா? இல்லை. ஏன்? மற்ற பிக்குகளுக்குத் தன்னால் எந்த உபயோகமும் இல்லை, அதனால் யாரும் பார்ப்பதில்லை என்கிறார்.

புத்தர் உடன் வந்த சீடர் ஆனந்தரைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அவர் ஊற்ற, ஆனந்தர் கழுவிவிட்டார். பிறகு தலைமாட்டைப் புத்தரும் கால்மாட்டை ஆனந்தரும் பிடித்துத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார்கள்.

புத்தர் அதோடு விடவில்லை. சங்கத்தைக் கூட்டி விசாரித்தார். அந்தப் பிக்கு சொன்ன அதே காரணத்தைத்தான் மற்றவர்களும் ஒளிக்காமல் சொன்னார்கள். வீட்டை விட்டு வந்தவர்களுக்குத் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாவிட்டால் வேறு யார் பார்ப்பார்கள் என்று புத்தர் கேட்டார். தனக்குப் பணிவிடை செய்ய நினைக்கிறவர் அதை நோயாளிக்குச் செய்யும்படி சொன்னார். குரு, சீடன், உடன் தங்குபவர் என்று கடமையை வரிசைப்படுத்தி, யாருமே இல்லாதவனைச் சங்கமே பார்க்க வேண்டும், பார்க்காவிட்டால் குற்றம் என்று விதியும் செய்தார்.

உறவுகள் விலகி, முன்பின் தெரியாதவர்கள் ஒரே கூரையின் கீழ் வாழும் இடம் பிக்குகளின் சங்கம். இன்றைய முதியோர் இல்லமும் அப்படித்தான். அங்கே இன்று எழும் கேள்வி ஒரு விதத்தில் இன்னும் கடினமானது. அந்தப் பிக்குவை யாரும் தொற்றுக்குப் பயந்து ஒதுக்கவில்லை, உபயோகம் இல்லை என்று ஒதுக்கினார்கள். இன்று ஒதுக்கி வைப்பதற்கு நியாயமான காரணமே இருக்கிறது. அடுத்த கட்டிலில் படுத்திருப்பவருடைய உயிர்தான் அந்தக் காரணம். ஒருவரைத் தனியாக வைக்கவும் வேண்டும், கைவிடவும் கூடாது என்றால் என்ன செய்வது?

முதலில் அந்தத் தொற்றைப் பார்ப்போம். 1968இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் நார்வாக் என்ற ஊரின் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளும் ஆசிரியர்களும் வாந்தியும் பேதியுமாக விழுந்தார்கள். காரணமான கிருமியை 1972இல் ஆல்பர்ட் கபிகியன் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டுபிடித்தார். ஊர்ப் பெயரிலிருந்தே அதற்கு நோரோவைரஸ் என்று பெயர் வந்தது. நோயாளியின் ஒரு கிராம் மலத்தில் கோடிக்கணக்கில் இருக்கும். இன்னொருவரைப் படுக்க வைக்க நூறுக்கும் குறைவான துகள்கள் போதும். உடம்புக்குள் போய் 12 முதல் 48 மணி நேரத்தில் வேலையைக் காட்டிவிடும். இளவயதுக்காரர் இரண்டு மூன்று நாளில் எழுந்து நடமாடுவார். எண்பத்தைந்து வயதுக்காரருக்கு அந்த மூன்று நாளே ஆபத்து. அமெரிக்காவில் ஆண்டுக்கு ஏறக்குறைய 900 பேர் இதனால் இறக்கிறார்கள், பெரும்பாலும் 65 வயதைத் தாண்டியவர்கள். அங்கே பதிவாகும் நோரோவைரஸ் பரவல்களில் பாதிக்கு மேல் முதியோர் பராமரிப்பு இல்லங்களும் மருத்துவமனைகளும் சார்ந்தவை.

நோரோவைரஸ் மட்டும் என்றில்லை. 1985 செப்டம்பரில் கனடாவின் ஆன்டாரியோவில் ஒரு முதியோர் இல்லத்தில் ஈ.கோலை ஓ157 என்ற பாக்டீரியா புகுந்தது. சாண்ட்விச் வழியாக வந்து, பிறகு ஆளுக்கு ஆள் தொற்றியது. தங்கியிருந்த 169 பேரில் 55 பேருக்கு நோய் கண்டது. 19 பேர் இறந்தார்கள்.

இப்படி ஒரு கூரைக்குக் கீழே, தொடாதே என்பதும் ஒரு தர்மம்தான். ஆனால் தமிழில் ‘தொடாதே’ என்ற சொல்லுக்குப் பழைய பாரம் ஒன்று உண்டு. தீட்டும் தொற்றும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும். இரண்டிலும் விலகல் உண்டு, கழுவல் உண்டு, நாள் கணக்கு உண்டு. ஆனால் தீட்டு ஆளின் மேல் ஒட்டிக்கொள்வது, பிறப்பின் மேலும் ஏறுவது. மலத்தை அள்ளுகிறவர் வீட்டுக்குப் போய்க் குளித்த பிறகும் அவர் மேலேயே அது நிற்கும். தொற்றுக்கு ஆளைத் தெரியாது. கைப்பிடி, கமோடின் விளிம்பு, அழைப்பு மணியின் பொத்தான், ஸ்பூன், நகக்கண் ஆகியவற்றைத்தான் தெரியும். சோப்பும் தண்ணீரும் பட்டால் போய்விடும். கழுவிய ஆயாவின் கை, கழுவாத டாக்டரின் கையைவிடச் சுத்தம். இந்த வித்தியாசம் மனதில் தெளிவாக இருக்கிற இல்லத்தில் நோயாளியை ஒதுக்குவது கைவிடுவதாக மாறாது. தெளிவில்லாத இடத்தில், தொற்றுத் தடுப்பு என்ற பெயரிலேயே பழைய அருவருப்பு உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்தால் இது புரியும். சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு பாட்டி வாந்தி எடுத்துவிடுகிறார். கண்ணுக்குத் தெரியாத திவலைகள் காற்றில் பரவும் என்பதால் முதலில் பக்கத்தில் இருப்பவர்களை நகர்த்த வேண்டும். பணியாளர் கையுறை, ஏப்ரன், முகக்கவசம் போட்டுக்கொண்டு, வாந்தியின் மேல் காகிதத் துண்டுகளைப் போட்டு மூடி, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வழித்து எடுத்துப் பையில் கட்டுகிறார். பிறகு சோப்புத் தண்ணீரால் துடைக்கிறார். அதற்குப் பிறகுதான் ப்ளீச் கரைசல். அழுக்கு மேலேயே ப்ளீச்சை ஊற்றினால் அதன் வேகமெல்லாம் அழுக்கிலேயே செலவாகிவிடும். கரைசல் பத்து லட்சத்துக்கு 1000 பங்கு குளோரின் அளவிலாவது இருக்க வேண்டும். படுக்கை விரிப்பை உதறக் கூடாது, உள்பக்கமாகச் சுருட்டி எடுக்க வேண்டும். கடைசியில் கையை சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 20 விநாடி கழுவ வேண்டும். சுவரில் மாட்டியிருக்கும் சானிடைசரை நம்பி இதை விட்டுவிடக் கூடாது, நோரோவைரஸிடம் அது அவ்வளவாகச் செல்லாது.

இவ்வளவையும் செய்யும்போது அந்தப் பாட்டி எங்கே இருக்கிறார்? எந்த இல்லத்தையும் எடைபோட இந்த ஒரு கேள்வி போதும். தரையைத் துடைக்க மூன்று பேர் ஓடிவந்து, நனைந்த புடவையோடு அவரை நாற்காலியிலேயே விட்டிருந்தால், அங்கே காப்பாற்றப்பட்டது தரைதான்.

இந்த நோயைப் பற்றிய இன்னொரு உண்மை, தொடக்கத்தில் எழுந்த கேள்வியைப் பாதி தீர்த்தே வைத்துவிடுகிறது. நோரோவைரஸை அழிக்கிற மருந்து கிடையாது. இழந்த நீரையும் உப்பையும் திருப்பிக் கொடுப்பதுதான் வைத்தியம். அதன் பலம் ஒரு காலராப் பரவலில் தெரிந்தது. 1971இல் வங்கதேசப் போருக்குத் தப்பி வந்தவர்களின் முகாமில், மேற்கு வங்கத்தின் பன்காவ் ஊரில், காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மஹலனபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை (இன்றைய ஓ.ஆர்.எஸ்.) வாய்வழியே கொடுக்க ஏற்பாடு செய்தார். கொடுத்தவர்கள் பெரும்பாலும் நோயாளிகளின் தாய்மார்களும் சொந்தக்காரர்களும். 30 சதவீதம் வரை போயிருந்த சாவு, 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

வயதானவர்களுக்குத் தாகமே சரியாகத் தெரியாது. பிரஷர் மாத்திரையே சிலருக்கு நீரை இறக்கிக்கொண்டிருக்கும். கைநடுக்கம் உள்ளவரின் மேசையில் ஒரு டம்ளர் ஓ.ஆர்.எஸ். வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினால், சாயங்காலம் அது அப்படியே இருக்கும். யாராவது பக்கத்தில் உட்கார்ந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு வாய் புகட்டி, டயப்பர் நனைந்திருக்கிறதா, நாக்கு வறண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருதயமோ சிறுநீரகமோ பலவீனமானவருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். இங்கே உடன் இருப்பது கருணை மட்டுமல்ல, அதுவேதான் மருந்து. தனியறைக்குள் யாரும் வராமல் போனால் அந்த அறையே ஆளைக் கொன்றுவிடும்.

உடன் இருப்பவருக்கும் உடம்பு உண்டு. வாந்தி பேதி நின்று 48 மணி நேரம் ஆகும்வரை பணியாளர் வேலைக்கு வரக் கூடாது என்பது விதி. நின்ற பிறகும் கிருமி வெளியேறிக்கொண்டே இருக்கும். நாள் கூலிக்கு வேலை செய்கிற பெண்ணுக்கு அந்த இரண்டு நாள் சம்பளத்தைப் பிடித்தால், அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டே வேலைக்கு வருவார். அதை அவருடைய பொறுப்பின்மை என்று சொல்வது நியாயமே இல்லை. சம்பளத்தோடு விடுப்பு கொடுப்பது தொற்றுத் தடுப்பில் ப்ளீச்சுக்குச் சமமான இடத்தில் வர வேண்டியது.

மிகக் கடினமான இடம், மறதி நோய் வந்தவரின் வாசற்படி. அவர் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து வெளியே வருவார், வழியில் இருக்கிற எல்லாக் கதவையும் தொடுவார். ஆங்கிலத் தத்துவஞானி ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் வெளியிட்ட நூலில், பிறருக்குத் தீங்கு வராமல் தடுக்க மட்டுமே ஒருவரைக் கட்டுப்படுத்தலாம் என்றார். பிறர் கவனிப்பிலேயே இருக்க வேண்டியவர்களுக்கு இந்தக் கொள்கை பொருந்தாது என்றும் அவரே விலக்கு வைத்தார். ஆக, இந்த முதியவர் நிற்கும் இடத்தில் மில் நமக்குத் துணைக்கு வரவில்லை. பூட்டுவது சுலபம். பூட்டாமல் இருக்க ஒரு ஆள் வேண்டும். கூடவே நடந்து, கையைக் கழுவிவிட்டு, பேச்சுக் கொடுத்தே அறைக்குத் திருப்பிக் கூட்டி வருகிற ஆள். புத்தர் வைத்த கடமை வரிசை கடைசியில் சங்கத்தின் தலையில் வந்து விழுவது இதற்காகத்தான். ஆள் போடும் செலவை ஏற்க வேண்டியது இல்லம்.

2020இல் கொரோனா வந்தபோது பல நாடுகளில் முதியோர் இல்லங்கள் பார்வையாளர்களை மாதக்கணக்கில் நிறுத்தின. எத்தனையோ பேர் ஜன்னல் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று தாயைப் பார்த்தார்கள். அந்தக் காயத்திலிருந்து சட்டமும் பிறந்தது. 2024 ஏப்ரல் 6 முதல் இங்கிலாந்தில், விதிவிலக்கான சூழ்நிலை இருந்தாலொழிய, பராமரிப்பு இல்லத்தில் இருப்பவரைப் பார்க்க வருகிறவரைத் தடுக்கக் கூடாது. வருகிறவர் கையைக் கழுவட்டும், ஏப்ரன் போடட்டும். உள்ளே வரட்டும்.

நோயாளியைப் பார்த்துக்கொள்ளத் தகுந்தவர் யார் என்றும் மகாவக்கம் ஐந்து குணங்களைச் சொல்கிறது. மருந்து தயாரிக்கத் தெரிய வேண்டும், எது ஒத்துக்கொள்ளும் எது ஒத்துக்கொள்ளாது என்று தெரிய வேண்டும், ஆதாயத்துக்காக அல்லாமல் அன்போடு செய்ய வேண்டும், மலத்தையும் வாந்தியையும் அகற்ற அருவருக்கக் கூடாது. ஐந்தாவது, நல்ல பேச்சால் நோயாளியின் மனதைத் தேற்றத் தெரிய வேண்டும்.

கவசம் போட்ட முகத்தால் எப்படித் தேற்றுவது? 2015இல் லைபீரியாவில், எபோலா சிகிச்சை மையத்தில், மேரி பெத் ஹெஃபர்னன் என்ற அமெரிக்கக் கலைஞர் இதற்கு ஒரு வழி செய்தார். ஊழியர்களைச் சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்து, ஸ்டிக்கராக அச்சிட்டு, உடல் முழுவதையும் மூடிய உடையின் நெஞ்சில் ஒட்டினார். அதுவரை இரண்டு கண்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த நோயாளிகள், தண்ணீர் புகட்டுகிறவரின் முகத்தைப் பார்த்தார்கள். 2020இல் அமெரிக்க மருத்துவமனைகள் சில அதே வழியைப் பின்பற்றின. ஒரு பிரின்டரும் ஸ்டிக்கர் தாளும் இருந்தால் எந்த முதியோர் இல்லத்திலும் இன்று மத்தியானமே இதைச் செய்துவிடலாம்.