என்னா வேல செய்யற?

நோயைக் கண்டுபிடிப்பது அறிவு சம்பந்தப்பட்ட விஷயம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். டாக்டருக்குத் தெரிந்தால் பிடித்துவிடுவார், தெரியாவிட்டால் விட்டுவிடுவார். ஆனால் மருத்துவ மாணவனுக்குச் சொல்லித்தரும் வரிசையைப் பாருங்கள். முதலில் கேள், பிறகு பார், தொடு, தட்டு, அப்புறம் குழாய் வைத்துக் கேள். எல்லாமே ஒரு மனுஷன் இன்னொரு மனுஷனிடம் நெருங்கிப் போகிற காரியம். யார் யாரிடம் நெருங்கலாம் என்று விதி போட்டு வைத்திருக்கிற சமூகத்தில் இது வெறும் அறிவாக மட்டும் எப்படி இருக்க முடியும்?

1816இல் பாரிஸில் லேனக் என்ற மருத்துவர், ஒரு இளம்பெண்ணின் மார்பில் காது வைக்கக் கூச்சப்பட்டுத் தாளைச் சுருட்டி வைத்துக் கேட்டார். ஸ்டெதஸ்கோப் அப்படித்தான் பிறந்தது. அங்கே தூரம் கூச்சத்தால் வந்தது. சட்டைக்கு மேலேயே பட்டும் படாமலும் குழாயை வைத்து எடுத்துவிடுகிற கையை எங்கள் சனத்துக்குத் தெரியும். அந்தத் தூரம் வேறு. கறுத்த தோலில் ரத்தசோகையின் வெளுப்பு லேசில் தெரியாது. கீழிமையை விரலால் இழுத்துப் பார்க்க வேண்டும். நாக்கையும் உள்ளங்கையையும் பார்க்க வேண்டும். "அசதியா கீது, நடந்தா மூச்சு வாங்குது, கிறுகிறுன்னு வருது" என்கிற பொம்பளைக்கு இதெல்லாம் செய்யாமலே சத்து ஊசி ஒன்று போட்டு அனுப்பிவிடலாம். அனுப்பிவிடுகிறார்கள். ஃபூக்கோவைப் படித்துவிட்டு நம் சிறுபத்திரிகைக்காரர்கள் மருத்துவரின் 'பார்வை' பற்றி நிறைய எழுதினார்கள். எழுதட்டும். எங்கள் பிரச்சினை தொடுகையிலேயே ஆரம்பித்துவிடுகிறது.

தொடுவதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. இத்தாலியில் மோதெனா நகரத்து மருத்துவர் ராமசீனி, தன் வீட்டு மலக்குழியைச் சுத்தம் செய்தவர் அரக்கப்பரக்க வேலை செய்வதைப் பார்த்து, ஏனப்பா இப்படி என்று கேட்டார். உள்ளே அதிக நேரம் இருந்தால் கண் போய்விடும் என்றார் அவர். அந்தப் பதிலிலிருந்து பிறந்தது 1700இல் வெளியான, தொழிலாளர் நோய்கள் பற்றிய ராமசீனியின் நூல். ஏழை வீட்டுக்குப் போனால் முக்காலி கிடைத்தாலும் உட்கார், மற்ற கேள்விகளோடு 'நீ என்ன வேலை செய்கிறாய்' என்பதையும் கேள் என்று மருத்துவர்களுக்குச் சொன்னார். சேரி வீட்டு முக்காலியில் உட்கார்ந்த டாக்டரை நான் இன்னும் பார்க்கவில்லை.

எங்கள் பக்கத்து அண்ணன் ஒருவர் கிரஷரில் பதினாலு வருஷம் கல் அரைத்தவர். இருமல், இளைப்பு, நாலு படி ஏறினால் மூச்சு. எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் மேலே புள்ளி புள்ளியாக நிழல். சளியில் கிருமி இல்லை. டிபி என்று எழுதி ஆறு மாசம் மாத்திரை கொடுத்தார்கள். தேறவில்லை. மறுபடியும் அதே மாத்திரை. சளியில் தெரியாத டிபியும் உண்டு. கல்தூசி தின்ற நுரையீரலில் டிபி சுலபமாகக் குடியேறும் என்பதும் நிஜம். ஆனால் சிலிக்கோசிஸ் என்கிற பேச்சையே ஒருத்தரும் எடுக்கவில்லை. உங்க வேலையைக் கேட்கலையாண்ணே என்றேன். "கேட்டாங்கபா. கூலின்னேன். எழுதிக்கினாங்க."

கூலி என்பது வேலையின் பேரா? சம்பளம் வாங்குகிற விதத்தின் பேர். அந்த ஒரு சொல்லுக்குள் கல் அரைப்பதும், தோல் பதனிடுவதும், சாக்கடையில் இறங்குவதும், நாற்று நடுவதும் காணாமல் போகின்றன.

இதில் யாருக்கு லாபம் என்று கேளுங்கள். டிபி என்றால் குற்றவாளி கிருமி. கூடவே பீடி, சாராயம், சேரியின் அசுத்தம். சிலிக்கோசிஸ் என்றால் குற்றவாளி முதலாளி. 1948இன் தொழிற்சாலைச் சட்டம், இந்த நோயைக் கண்ட மருத்துவர் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுத வேண்டும் என்று விதித்தது. நோய்க்கு எந்தப் பெயர் வைக்கிறோம் என்பதில் நஷ்டஈடு இருக்கிறது, வழக்கு இருக்கிறது. "நான் நோயைத்தான் பார்ப்பேன், முதலாளியைப் பார்ப்பது என் வேலை இல்லை" என்று ஒரு மருத்துவ நண்பர் என்னிடம் வாதாடினார். வரிசையில் இருநூறு பேர் நிற்கிற ஓ.பி.யில் உட்கார்ந்தால் தெரியும் என்றார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் "கூலின்னா என்னா கூலி?" என்று கேட்க ஐந்து விநாடி போதும். முந்நூறு வருஷமாக இருக்கிற கேள்வியைக் கேட்காமல் விடுவதை அறியாமை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அது ஒரு தேர்வு.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சாக்கடையில் இறங்குகிறவர் காய்ச்சலோடு வருகிறார். கண் சிவந்திருக்கிறது, கெண்டைக்கால் சதை தொட்டாலே வலிக்கிறது. தண்ணியில், சகதியில் வேலை என்று தெரிந்தால் எலிக்காய்ச்சலாக இருக்குமோ என்று டாக்டருக்குத் தோன்றும். கேட்டாலும் அவர் சொல்லமாட்டார். சொன்னால் நீட்டிய கை பின்னுக்குப் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். முன்பு போயிருக்கிறது. அதனால் அவரும் கூலி என்றே சொல்கிறார். நாம் எழுதி எழுதி அம்பலப்படுத்துகிற அதே சொல்லை அவர் கவசமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அதைப் பிடுங்க நமக்கு என்ன உரிமை? முதலில் கெண்டைக்காலைத் தொட்டுப் பார்க்கட்டும். தொட்ட பிறகு கேட்டால் அவர் சொல்வார் என்றுதான் நினைக்கிறேன். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் டாக்ஸிசைக்ளின் மாத்திரை போதும், விலையும் கொஞ்சம்தான். தள்ளிப்போனால் மஞ்சள் காமாலை வந்து சிறுநீரகம் நின்றுவிடும்.