ஒண்ணும் ஆகலையே!

ஒரு வழக்கை உங்கள் முன்னால் வைக்கிறேன். நீங்கள்தான் நீதிபதி.

2008 மே மாதம். டல்லாஸில் இருக்கும் என் மச்சினர் மகன், எங்களுக்கு ஊர் சுற்றிக் காட்டுவதற்காக மோட்டார் ஹோம் ஒன்றை வாடகைக்கு எடுத்தான். மோட்டார் ஹோம் என்றால் பஸ்ஸுக்குள் வீடு. 25 அடி நீளம். கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், பாத்ரூம் எல்லாம் உள்ளேயே. என் மனைவி முதல் நாளே அதில் ரசம் வைத்துவிட்டாள்.

அர்கன்ஸா மாநிலம், வாஷிட்டா மலைப்பக்கம். ஒரு சின்ன ஆறு. அதன் கரையில் இப்படிப்பட்ட வண்டிகள் தங்குவதற்கென்றே இடம் பிரித்து, நம்பர் போட்டு, கரண்ட்டும் தண்ணீரும் கொடுத்து வைத்திருக்கிறார்கள். மேட்டில் இருக்கும் இடத்துக்கு வாடகை கம்மி. ஆற்றை ஒட்டிய இடத்துக்குக் கூட. பையன் ஆற்றை ஒட்டித்தான் எடுத்திருந்தான். கதவைத் திறந்தால் பத்தடியில் தண்ணீர். கணுக்கால் ஆழம்தான். அடியில் கிடக்கிற கூழாங்கல்லை எண்ணலாம்.

ராத்திரி ஒன்பதரை இருக்கும். நாயும் டார்ச்சுமாக ஒரு பெரியவர் வந்து கதவைத் தட்டினார். அமெரிக்கர். எழுபது வயது சொல்லலாம். மேற்கே மலையில் பெரிய மழை பிடித்திருக்கிறது, உங்கள் இடத்தில் நான் இருந்தால் மேட்டுக்குப் போய்விடுவேன், என்றார். அவ்வளவுதான். வற்புறுத்தவில்லை. அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

நான் வெளியே வந்து பார்த்தேன். வானத்தில் நட்சத்திரம். ஒரு பொட்டுத் தூறல் இல்லை.

"வயசானவங்க அப்படித்தான் சொல்வாங்க மாமா. நான் பத்து தடவை வந்திருக்கேன்" என்றான் பையன்.

என் மனைவி மட்டும் விடவில்லை. அவள் திருவையாற்றுக்காரி. "டேய், நான் காவேரிக்கரையில பொறந்தவ. ஆத்துச் சத்தம் மாறினா எனக்குத் தெரியும். கெளம்புடா" என்றாள்.

கிளம்புவது என்றால் சாவியைத் திருகினால் போதும் என்று நினைக்காதீர்கள். வெளியே விரித்த கூடாரத் துணியைச் சுருட்ட வேண்டும். கரண்ட் கேபிள், தண்ணீர் ஹோஸ், கழிவுக் குழாய் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். வண்டி ஆடாமல் இருக்க முட்டுக் கொடுத்திருக்கும் ஜாக்கியை ஏற்ற வேண்டும். நாற்காலி, அடுப்பு, காயப்போட்ட துணி. தூங்கிவிட்ட இரண்டு குழந்தைகளும் எழுந்து அழுதன. நாற்பது நிமிஷம் ஆயிற்று. மேட்டில் கிடைத்த இடம் பொதுக் கழிப்பறைக்குப் பக்கத்தில். கொசு வேறு.

காலையில் போய்ப் பார்த்தோம். ஆறு அப்படியே இருந்தது. ஒரு விரற்கடை ஏறியிருக்கலாம். எங்கள் பழைய இடத்துக்குப் பக்கத்தில் தங்கியிருந்த குடும்பம் அங்கேயே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தது.

அடுத்த மூன்று நாளும் பையன் விடவில்லையே! "அத்தை, இங்க நிறுத்தலாமா, இல்ல இன்னும் கொஞ்சம் மேடாப் பாக்கட்டுமா?" ரோட்டில் ஒரு குட்டை தெரிந்தால் போதும், "அத்தை, வெள்ளம்!" அவளும் சிரித்தாள். எனக்கும் உள்ளூரக் கொஞ்சம் எரிச்சல்தான், மறைப்பானேன்? அந்த நல்ல இடத்தை விட்டுவிட்டோமே என்று.

வழக்கு இதுதான். அந்த ராத்திரி யார் செய்தது சரி? போகலாம் என்றவளா, இருக்கலாம் என்றவனா? பையனின் கட்சி இரண்டே சொல்: ஒண்ணும் ஆகலையே! அதற்கு மேல் வாதம் வேண்டுமா என்ன?

நானும் அந்தக் கட்சியில்தான் இருந்தேன். அப்புறம், ஊர் திரும்பி ரொம்ப நாள் கழித்து, ஜப்பானில் நடந்த ஒரு சம்பவத்தைப் படித்தேன்.

கனகாவா மாநிலத்தில் குரோகுரா என்று ஒரு மலை ஆறு. 1999 ஆகஸ்ட், விடுமுறைக் காலம். காரில் சாமானை ஏற்றிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய்க் கூடாரம் போடுவது ஜப்பானில் பெரிய மோகமாகியிருந்தது. 13-ஆம் தேதி மழை வலுத்தது. மேலே ஒரு சின்ன அணை. அதன் ஊழியர்கள் வந்து, தண்ணீர் திறக்க வேண்டியிருக்கும், மேலே போங்கள் என்றார்கள். நிறையப் பேர் போனார்கள். ஆற்று நடுவே மணல் திட்டில் இருந்த ஒரு கோஷ்டி போகவில்லை. மறுபடி சொன்னார்கள். ராத்திரி போலீஸும் வந்து சொன்னது. கோஷ்டியில் சிலர் மட்டும் கரைக்கு வந்தார்கள். 18 பேர் திட்டிலேயே தங்கினார்கள்.

14-ஆம் தேதி காலை திட்டைக் காணோம். 18 பேரும் தண்ணீருக்கு நடுவே ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள், குழந்தைகள் உள்பட. ஹெலிகாப்டர் வர முடியாத வானிலை. கயிறு எறிந்து பார்த்தார்கள், பலிக்கவில்லை. கரையில் நின்றவர்கள் கேட்டுக்கொண்டதால் அணையை மூடினார்கள். ஆனால் அது வெள்ளத்தைத் தேக்குவதற்காகக் கட்டிய அணை அல்ல. சில நிமிஷத்துக்கு மேல் தாங்காது. மறுபடியும் திறந்தே ஆகவேண்டும். இல்லாவிட்டால் அணையே உடைந்துவிடும் என்ற பயம். அந்த மதகைத் திறந்த கைகளை நினைத்துப் பாருங்கள்.

பகல் பதினொன்றரை மணி தாண்டி 18 பேரையும் ஆறு அடித்துக்கொண்டு போயிற்று. அந்தக் கடைசி நேரத்தில் ஒருவர், ஒரு வயதுக் குழந்தையைக் கரைப் பக்கமாக வீசினார். கரையில் இருந்த வேறு ஒரு முகாம்காரர் தண்ணீரில் இறங்கிப் பிடித்தார். அந்தக் குழந்தையையும் சேர்த்துப் பிழைத்தவர்கள் 5 பேர். 13 பேர் போய்விட்டார்கள். டி.வி.யில் நாடே பார்த்தது.

செத்தவர்கள் மேல் ஜப்பானியர்களுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. எத்தனை தடவை சொல்லியாச்சு, கொழுப்புதானே, இவர்களுக்காக மீட்புப் படையினர் ஏன் உயிரைக் கொடுக்க வேண்டும் என்று. படிக்கும்போது எனக்கும் அந்தக் கோபம் வந்தது. உங்களுக்கும் இப்போது வந்திருக்கும்.

ஆனால் கொஞ்சம் நிதானியுங்கள். அர்கன்ஸாவில் காலையில் காபி குடித்துக்கொண்டிருந்த அந்தக் குடும்பம் என்ன செய்தது? எச்சரிக்கையைக் கேட்டது, இருந்துவிட்டது. ஜப்பான் கோஷ்டி என்ன செய்தது? எச்சரிக்கையைக் கேட்டது, இருந்துவிட்டது. ஜப்பானில் பல தடவை சொன்னார்கள், மழையும் கண்முன்னே கொட்டிக்கொண்டிருந்தது, அந்த வித்தியாசம் உண்டு. ஆனால் நாம் இவர்களைத் திட்டுவதும் அவர்களைப் பார்த்துப் பொறாமைப்படுவதும் அந்த வித்தியாசத்தாலா? இல்லையே. ஓர் இடத்தில் தண்ணீர் வந்தது, இன்னோர் இடத்தில் வரவில்லை. அது மழையின் சமாச்சாரம். மனுஷன் செய்ததில் இல்லை.

இதற்குத் தத்துவக்காரர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். 1976-ல் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இரண்டு பேர் இதைப் பற்றி எழுதினார்கள். 'தார்மிக அதிர்ஷ்டம்' என்று தமிழில் சொல்லலாம். குடித்துவிட்டு வண்டி ஓட்டியவன் குறுக்கே யாரும் வராததால் வீடு போய்ச் சேர்ந்தால் ஒரு சின்னத் தப்பு. ஒரு குழந்தை குறுக்கே வந்துவிட்டால் கொலைகாரன். அவன் செய்தது என்னவோ ஒன்றேதான். மிச்சத்தைச் செய்தது அதிர்ஷ்டம். ஒருவனுடைய குற்றத்தின் அளவை அவன் கையில் இல்லாத ஒன்று தீர்மானிக்கலாமா என்பது கேள்வி. இன்னும் யாரும் திருப்தியாகப் பதில் சொன்னதாகத் தெரியவில்லை. நான் எங்கே சொல்வது!

ஆனால் ஒன்று மட்டும் படுகிறது. அந்த அதிர்ஷ்டம் தண்டிப்பதைவிட, ஏமாற்றுவதுதான் ஜாஸ்தி. பையன் பத்து தடவை போயிருக்கிறான், பத்து தடவையும் ஒன்றும் ஆகவில்லை. ஒவ்வொரு தடவையும் அவன் தைரியம் ஒரு படி ஏறியது. ஆற்றைப் பற்றி அவன் புதிதாக ஒன்றும் தெரிந்துகொள்ளவில்லை. தெரிந்துகொண்டதாக நினைத்தான், அவ்வளவுதான்.

"எல்லாத்துக்கும் பயந்தா வாசப்படி தாண்ட முடியாது மாமா" என்பான். வாஸ்தவம். பயந்தாங்கொள்ளிகளுக்காக நான் பரிந்து பேசவில்லை. தனி ஆளாக அவன் அங்கே படுத்திருந்தால் அவன் பாடு, ஆற்றின் பாடு. ஆனால் வண்டிக்குள் ஒன்பது வயதும் நாலு வயதுமாக இரண்டு ஜீவன்கள் தூங்கிக்கொண்டிருந்தன. தூங்குகிறவர்களைக் கேட்டுக்கொண்டா இருக்கலாம் என்று முடிவு செய்தான்? குழந்தைகள் உயிரில் காட்டுகிற தைரியத்துக்குத் தைரியம் என்று பெயர் வைக்க எனக்கு மனசு வரவில்லை. இது மனைவி இருக்கச் சொன்ன இடத்தில் 'ம்' கொட்டியிருக்கக்கூடிய எனக்கும் சேர்த்துத்தான்.

சொன்னால் கேட்கவில்லை, அதனால் செத்தார்கள் என்று எல்லாக் கேஸையும் முடித்துவிடவும் முடியாது. நாங்கள் போய் வந்த இரண்டாவது வருஷம், 2010 ஜூன் 11. அதே வாஷிட்டா மலையில், ஆல்பர்ட் பைக் என்ற முகாம் இடம். லிட்டில் மிசௌரி என்ற சின்ன ஆறு. கரையோரம் கூடாரங்கள், வண்டிகள், தூங்கும் குடும்பங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு மேல் வானிலை இலாகா வெள்ள எச்சரிக்கை கொடுத்தது. அந்தப் பள்ளத்தாக்கில் செல்போன் எடுக்காது. யாருக்குப் போய்ச் சேரும்? 4 அடிக்கும் குறைவாக இருந்த ஆறு விடிவதற்குள் 23 அடிக்கு ஏறியது. 20 பேர் இறந்தார்கள், குழந்தைகளும் உண்டு. அவர்கள் கதவை டார்ச்சோடு யாராவது தட்டியிருந்தால் போயிருப்பார்களோ என்னவோ. இடத்துக்கு நம்பர் போட்டு விட்டவன் மேல்தானே நம்பிக்கை வைத்துப் படுக்கிறோம்? அந்த நம்பிக்கைக்கு யார் ஜவாப்தாரி?

மழைகூட வேண்டாம். அணையைத் திறந்தாலே போதும். 2014 ஜூன் 8-ல் இமாசலப் பிரதேசத்தில் பியாஸ் நதியில் இறங்கிப் பாறை மேல் நின்ற ஹைதராபாத் இன்ஜினீயரிங் மாணவர்கள் 24 பேர் அப்படித்தான் போனார்கள். மேலே அணையிலிருந்து தண்ணீர் விட்டது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

கூடாரத்தில் படுத்தவனுக்காவது காற்றும் ஈரமும் தெரியும். வண்டியில் படுத்தவனுக்கு அதுவும் இல்லை. சுவர், கட்டில், தாழ்ப்பாள். ஏ.சி. சத்தத்தில் ஆறு கேட்காது. சக்கரம் இருக்கிறதே, நினைத்தால் கிளம்பிவிடலாம் என்று ஓர் எண்ணம். நாங்கள் நாற்பது நிமிஷம் எடுத்துக்கொண்டதைச் சொன்னேனா? அது நிதானமான நேரத்தில். இத்தனை கனமான வண்டியைத் தண்ணீர் என்ன செய்யும் என்றும் தோன்றும். ஓர் அடி வேக வெள்ளம் சின்னக் காரைத் தூக்கிவிடும், இரண்டு அடி வந்தால் பெரிய ஜீப் வகைகளும் மிதக்கும் என்கிறது அமெரிக்க வானிலை இலாகா. இந்த வண்டிகளோ உள்ளே காலியான பெட்டி. படகு மாதிரிதான், துடுப்பு கிடையாது. இன்னொன்று, இப்படிப்பட்ட இடங்களில் வெளியே போகும் பாதை பெரும்பாலும் தாழ்வான பாலத்தின் மேலோ ஓடையின் குறுக்கேயோ போகும். முதலில் முழுகுவது அதுதான். எழுந்து வண்டியைக் கிளப்பினால் பாதை இருக்காது. வண்டியை விட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறுவது ஒன்றுதான் வழி. லட்ச ரூபாய்ச் சாமானை விட்டுவிட்டு இருட்டில் ஏறச் சொன்னால், அந்த நிமிஷத்தில் எத்தனை பேருக்குக் கால் வரும்?

2025 ஜூலை 4. டெக்ஸாஸ், குவாடலூப் ஆறு. அமெரிக்கச் சுதந்திர தின விடுமுறை, கரையோரம் பூரா மோட்டார் ஹோம்கள். விடிகாலையில் 45 நிமிஷத்தில் 26 அடி ஏறியது என்று அறிவித்தார்கள். வண்டிகள் உள்ளே ஆட்களோடு போயின. மாநிலம் முழுக்க 130 பேருக்கு மேல் இறந்தார்கள். ஒரு கோடை முகாமில் மட்டும் சிறுமிகளும் அவர்களைப் பார்த்துக்கொண்டவர்களுமாக 27 பேர். சைரன் வைப்பதைப் பற்றி வருஷக்கணக்காகப் பேசி, பணம் இல்லை என்று தள்ளிப்போட்ட இடம் அது. பேசித் தள்ளிப்போட்ட அத்தனை வருஷமும் அவர்களும் இதைத்தானே சொல்லியிருப்பார்கள், ஒண்ணும் ஆகலையே என்று!

மறுநாள் டல்லாஸிலிருந்து போன். பையனுக்கு இப்போது காது ஓரம் நரைத்துவிட்டது. மகள் வேலைக்குப் போகிறாள். டி.வி.யைப் பார்த்துக்கொண்டே பேசினான் என்று நினைக்கிறேன், பின்னால் சத்தம் கேட்டது.

"அத்தை இருக்காங்களா மாமா?"

கொடுத்தேன். அவன் என்ன சொன்னானோ, இவள் "சரிடா, சரிடா, அதுக்கென்ன இப்போ" என்றாள். பிறகு போன் என்னிடம் வந்தது.

"மாமா, அன்னிக்கு நாயோட ஒரு தாத்தா வந்தாரே, அவர் பேரு ஞாபகம் இருக்கா?"

நாங்கள் கேட்கவே இல்லை. காலையில் எழுந்து, ஆறு அப்படியே இருப்பதைப் பார்த்துவிட்டு, அவர் வண்டியைத் தாண்டித்தான் டீக்குப் பால் வாங்கப் போனோம். அவர் படியில் உட்கார்ந்து நாய்க்கு பிஸ்கட் போட்டுக்கொண்டிருந்தார். பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நானும்தான்.