கட்டாயத்தில் பிறக்காத அன்பு



பூசை முடிந்தபின் ஒரு தாயார் கண்ணீரோடு என்னிடம் வந்தார்கள். "சாமி, என் மகன் கோவில் வாசலை மிதித்து நாலு வருஷமாகிறது. சர்வேசுரன் சர்வ வல்லவர்தானே? ஒரு நொடியில் அவன் மனதைத் திருப்பக் கூடாதா?" என்று கேட்டார்கள். உங்களில் அநேகர் மனதிலும் இக்கேள்வி இருக்கும்.

சர்வேசுரனால் ஆகாதது ஒன்றுமில்லை, மெய்தான். ஆனால் அவர் நம்மிடம் கேட்பது அன்பு. அடிக்குப் பயந்து கும்பிடுகிறவனுக்குக் கை குவியும்; மனது குவியாது. "மாட்டேன்" என்று சொல்லக் கூடியவன் "வருகிறேன்" என்று சொன்னால்தான் அது அன்பு. இதற்காகவே அவர் நமக்கு மனச்சுயாதீனத்தைத் தந்தார். ஊதாரிப் பிள்ளையின் தகப்பன் மகனைக் கட்டிவைக்கவில்லை. ஆனால் அவன் தூரத்தில் வரும்போதே கண்டு, ஓடிப்போய்க் கட்டிக்கொண்டான்.

"அப்படியானால் எல்லாம் நம் கையில்தானா?" என்பீர்களோ? அதுவுமல்ல. வரப்பிரசாதமின்றி மனிதன் தன் பலத்தாலேயே நீதிமானாய் வாழக்கூடும் என்ற பெலாஜியுசின் தப்பறையை 418-ம் ஆண்டு கார்த்தாகோ சங்கம் கண்டித்தது. முதலில் நம் இருதயத்தைத் தொடுவது தேவ வரப்பிரசாதமே; தொடப்பட்ட மனிதன் அதற்கு இணங்கவும் கூடும், அதைத் தள்ளவும் கூடும் என்று 1547-ல் திரிதெந்தீன் பொதுச்சங்கம் போதித்தது. மழை பெய்யாமல் யாருக்கும் தண்ணீரில்லை. மழை பெய்தும் பானையைக் கவிழ்த்து வைத்தவனுக்கும் தண்ணீரில்லை.

அர்ச். மோனிக்கம்மாளைப் பாருங்கள். அவர்கள் மகன் அகுஸ்தீன் தப்பறையில் விழுந்து கிடந்தார். அவரோடு பேசித் திருத்தும்படி ஒரு மேற்றிராணியாரை அழுது மன்றாடினார்கள். அவரோ, "இப்போது வாதாடிப் பயனில்லை, அவனுக்காக வேண்டிக்கொள்" என்ற கருத்தில் சொல்லியனுப்பினார். 383-ல் மகன் தாயிடம் பொய் சொல்லிவிட்டு, இரவோடு இரவாக ரோமைக்குக் கப்பலேறினார். தாயின் கைக்கு எட்டாத அந்த மகனை வரப்பிரசாதம் எட்டிற்று. 386-ல் மிலான் நகரில், நெடுநாள் தள்ளிப்போட்ட சம்மதத்தை அவரே மனதாரக் கொடுத்தார். மறு வருஷம் பாஸ்குத் திருநாளில் அர்ச். அம்புரோசியார் கையால் ஞானஸ்நானம் பெற்றார்.

ஆகையால் பெற்றோரே, பிள்ளைக்குப் புத்தி சொல்லுங்கள்; நன்மாதிரி காட்டுங்கள்; ஆனால் ஏச்சாலும் சாபத்தாலும் அவனைப் பக்தனாக்கலாமென்று நினையாதேயுங்கள். அவனிடம் ஒரு வார்த்தை பேசினால், அவனுக்காகச் சர்வேசுரனிடம் பத்து வார்த்தை பேசுங்கள். வீட்டுக் கதவு அவனுக்கு எப்போதும் திறந்திருக்கட்டும்.

"தேவன் மனது வைக்கும்போது திரும்புவேன்" என்று நாள் கடத்துகிற சகோதரனே, உனக்கும் ஒரு வார்த்தை. அவர் முன்னமே மனது வைத்தாயிற்று. இதை வாசிக்கையில் உன் நெஞ்சில் எழும்புகிற சிறு உறுத்தலும் அவருடைய வரப்பிரசாதமாயிருக்கலாம். இன்னும் வராதது உன் சம்மதம் மாத்திரமே. சனிக்கிழமை மாலை பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உனக்காகக் காத்திருப்பேன். ஏன் இத்தனை நாள் வரவில்லையென்று கேட்க மாட்டேன்.

சர்வேசுரன் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.

உங்கள் பங்குச் சாமியார்