மௌனமும் களவாகுமா?



பெல்மதுளை, எகலியகொடைப் பக்கம் பஸ்ஸில் போகும்போது, இறப்பர்த் தோட்டங்களுக்கும் வயல்களுக்கும் இடையே மாணிக்கக் குழிகளைக் கண்டிருப்பீர்கள். இரத்தினபுரிக்குப் பெயர் கொடுத்த தொழில் அது. மண் சரியாதபடி மரச்சட்டங்களை இறக்கி, அவற்றின் பின்னே பன்னத் தழையை அடைத்து, ஊறும் நீரை ஓயாது இறைத்து, ‘இல்லம்’ எனப்படும் பருக்கைக்கல் படையை அடைகிறார்கள். அதைக் கூடையில் இட்டு நீரில் சுழற்றி அலசுகிறார்கள். குழியில் இறங்குபவன் நம்பியிருப்பது பெரும்பாலும் கூலியை அல்ல, கிடைக்கும் கல்லில் தனக்குரிய பங்கையே. பட்டை தீட்டுபவனோ, ஒரு கையால் வில்லை இழுத்துச் சாணையைச் சுழற்றி, மறுகையால் கல்லைப் பிடிக்கும் ‘ஹனபோருவ’ என்ற பழைய கருவியில் கைதேர்ந்தவன்.

இத்தனை தலைமுறை அனுபவமும் ஒரு கல்லிடம் தோற்றது. பாலும் புகையும் கலந்தாற்போல் மங்கிய ‘கெவுடா’வை முன்னாளில் எவரும் பெரிதாக மதிக்கவில்லை. 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் அதை மலிவாக வாங்கிச் சென்றனர். 1,500 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் உலையிலிட்டபோது, கல்லினுள் நுண்ணிய ஊசிகளாக இருந்த டைட்டேனியம் கரைந்து, இரும்புடன் சேர்ந்து நீல நிறம் தந்தது. அற்ப விலைக்குப் போனது நீலக்கல்லாயிற்று!

இப்போது கேள்விக்கு வருவோம். வாங்கியவன் பொய் சொல்லவில்லை. கேட்ட விலையைக் கொடுத்தான். வாய் திறக்கவில்லை, அவ்வளவே. அவன் செய்தது குற்றமா?

13ஆம் நூற்றாண்டில் புனித அக்குவினாஸ் தோமையார் இதையொத்த ஒன்றை ஆராய்ந்தார். பொன்னைச் செம்பென்று எண்ணி ஒருவன் விற்கிறான். அது பொன்னென்று அறிந்தே வாங்குபவன் அநீதி செய்கிறான். அவன் ஈடுசெய்யக் கடமைப்பட்டவன் என்பது அவரது தீர்ப்பு.

“கெவுடா பொன் அல்லவே! என் அறிவும் உலையும்தானே அதை நீலமாக்கின? சூட்டில் வெடித்தால் நட்டம் எனக்குத்தானே?” என்று வியாபாரி கேட்கலாம். நியாயமான வாதம்தான். அவனுடைய அறிவுக்கும் துணிவுக்கும் உரிய இலாபம் அவனுக்கே சேரட்டும். ஆனால் எந்தக் கல்லைச் சுட்டாலும் நீலம் பிறப்பதில்லை. அந்த இயல்பு குழியிலிருந்தே வந்தது. ஆதலால், அந்த இயல்புக்குரிய விலை குழியில் இறங்கியவனையும் சேரவேண்டும். தன் திறமைக்கு இலாபம் பெறுவது வேறு, பிறன் அறியாமையை அறுவடை செய்வது வேறு.

இன்னொன்றையும் கவனியுங்கள். சூடேற்றிய கல்லை அவ்வாறே சொல்லி விற்கவேண்டும் என்பது இன்று உலக இரத்தின வணிகத்தின் நெறி. விற்கும்போது மௌனம் வஞ்சகமென்றால், வாங்கும்போது மட்டும் அது சாமர்த்தியமாவது எப்படி?

பின்னர் உலை வித்தையை நம் நாட்டவரும் கற்றுக்கொண்டனர். கெவுடாவின் விலையும் உயர்ந்தது. அறிவு பரவிய இடத்தில் அநீதிக்கு இடம் குறைந்தது.

வாசகர்களே, நாளை உங்கள் முற்றத்துப் பலாமரத்துக்கு விலைபேச ஒருவர் வரலாம். அல்லது எழுத்தறியாத முதியவரின் காணித் துண்டுக்கு விலைபேசி, அவரது வாசலில் நீங்களே நிற்கலாம். அவருக்குத் தெரியாத ஒன்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அப்போது என்ன செய்வீர்கள்?